லினக்ஸ் பார்ட்டிஷனைச் சுருக்கி, பக்கத்திலேயே இன்னொரு லினக்ஸ்

ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸையும் லினக்ஸையும் சேர்த்து வைத்துக்கொள்வது எப்படி என்று நிறையப் படித்திருப்பீர்கள். ஏற்கனவே லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில், அதை அழிக்காமல், இன்னொரு லினக்ஸையும் போட வேண்டும் என்றால் என்ன செய்வது? ஹார்ட் டிஸ்க்கில் காலி இடம் இருக்கிறது. ஆனால் அந்த இடம் முழுவதும் பழைய லினக்ஸின் பார்ட்டிஷனுக்குள் அடைந்து கிடக்கிறது. அதை வெளியே எடுக்கும் வேலையைத்தான் பார்ட்டிஷனைச் சுருக்குவது என்கிறோம்.

இது கஷ்டமான வேலை அல்ல. மவுசால் இழுத்து, ஒரு பட்டனைக் க்ளிக் செய்தால் முடிந்துவிடும். ஆனால் வரிசை மாறினால் உள்ளே இருக்கும் ஃபைல்கள் போய்விடும். எனவே எந்தப் பட்டன் என்பதைவிட எது முதலில், எது பிறகு என்பதைத்தான் இங்கே விளக்கமாகச் சொல்லப் போகிறேன்.

தமிழ்நாட்டில் இந்தத் தேவை பலருக்கு வரும். 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. எல்காட் மூலம் வாங்கிக் கொடுக்கப்பட்ட அந்த லேப்டாப்களில் பாஸ் லினக்ஸும் இருந்தது. இது டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் மையம் உருவாக்கியது. முதல் பதிப்பு 2007-ல் வந்தது. அன்று ப்ளஸ் டூ படித்தவர்கள் இன்று வேலையில் இருக்கிறார்கள். லேப்டாப் வீட்டில் வேறு யாரிடமாவது ஓடிக்கொண்டிருக்கிறது.

மாதவரம் பொன்னியம்மன்மேட்டில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் இருப்பதும் அப்படி ஒன்றுதான். தங்கைக்குப் பள்ளியில் கிடைத்தது. இப்போது அதில் இவருடைய ஆறு வருட டிரிப் கணக்கு, டிரைவர்களுக்குக் கொடுத்த அட்வான்ஸ், பார்ட்டிகளிடமிருந்து வரவேண்டிய பாக்கி எல்லாம் ஸ்ப்ரெட்ஷீட்களாக இருக்கின்றன. வேறு எங்கும் பிரதி கிடையாது. பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் அந்த பாஸ் லினக்ஸில் ஒழுங்காக வேலை செய்கிறது. ஆனால் இ-வே பில் போட இன்றைய ப்ரௌசர் வேண்டும். அதற்குப் புதிய லினக்ஸ் வேண்டும். "தம்பி, பழசு அப்படியே இருக்கணும். புதுசு பக்கத்துல வரணும். கணக்கு போச்சுன்னா பாக்கி கேட்கவே எனக்கு வாயில்ல" என்றார். அவருடைய லேப்டாப்பையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

சுவருக்கு முன் சரக்கு

எங்கள் பகுதியில் குடோன்கள் அதிகம். ஒரு பெரிய குடோனில் பாதியை இன்னொருவருக்கு வாடகைக்கு விட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த உடனே நடுவில் சுவர் எழுப்ப மாட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் போகப்போகும் மூட்டைகளை முதலில் இந்தப் பக்கம் கொண்டுவந்து அடுக்குவார்கள். எந்தச் சரக்கு எந்த வரிசையில் இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கும் சரக்குப் பதிவேட்டைத் திருத்துவார்கள். 60 வரிசை இருந்த குடோனில் இனி 40 வரிசைதான் என்று அதில் எழுதுவார்கள். அதன் பிறகுதான் கொத்தனார் வருவார்.

ஹார்ட் டிஸ்க்கிலும் இதே கதைதான். சுவர் என்பது பார்ட்டிஷன். பதிவேடும் அடுக்கும் முறையும் சேர்ந்தது ஃபைல் சிஸ்டம். லினக்ஸில் பெரும்பாலும் இது எக்ஸ்ட்4 ஆக இருக்கும். சுருக்கும்போது முதலில் ஃபைல் சிஸ்டம், பிறகு பார்ட்டிஷன். பெரிதாக்கும்போது இதற்கு நேர் எதிர்: முதலில் சுவரைத் தள்ளிக் கட்டிவிட்டு, பிறகு பதிவேட்டில் வரிசைகளைக் கூட்ட வேண்டும்.

சிலர் டெர்மினலில் பார்ட்டிஷன் அட்டவணையை மட்டும் மாற்றிவிட்டு, ஃபைல் சிஸ்டம் தானாகச் சுருங்கிவிடும் என்று நினைக்கிறார்கள். அது சுருங்காது. பதிவேட்டில் இன்னும் 60 வரிசை, கட்டடத்தில் 40 வரிசை. அடுத்த முறை பூட் செய்யும்போது, பிளாக்குகளின் எண்ணிக்கை டிஸ்க்கின் அளவைவிட அதிகமாக இருக்கிறது என்று எக்ஸ்ட்4 ஒரு பிழைச்செய்தி கொடுத்து நின்றுவிடும். இந்த நிலையில் பதறி எதையும் ஃபார்மேட் செய்யாதீர்கள். வெட்டிய இடத்தில் இன்னும் எதையும் எழுதவில்லை என்றால், பார்ட்டிஷனின் எல்லையைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் வைத்தால் ஃபைல்கள் திரும்பக் கிடைக்கும். அதற்குப் பழைய எல்லை எது என்று தெரிந்திருக்க வேண்டும். வேலையை ஆரம்பிக்கும் முன்பே பார்ட்டிஷனின் முதல் செக்டார், கடைசி செக்டார் எண்களை ஒரு பேப்பரில் எழுதி வையுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். அந்த எண்களை அதே கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலாகச் சேமித்து வைப்பதில் பயன் இல்லை!

இந்த இரண்டு வேலைகளையும் சரியான வரிசையில் செய்துகொடுக்கும் இலவச சாஃப்ட்வேர் ஜிபார்ட்டெட். புதியவர்கள் இதைப் பயன்படுத்தினால் போதும்.

உங்கள் ஃபைல் சிஸ்டம் சுருங்குமா?

எல்லா ஃபைல் சிஸ்டமும் சுருங்காது. எக்ஸ்ட்4 சுருங்கும், ஆனால் அது பயன்பாட்டில் இல்லாதபோது மட்டும். உபுண்டு, மின்ட், டெபியன் இவற்றில் நீங்கள் எதையும் மாற்றாமல் இன்ஸ்டால் செய்திருந்தால் எக்ஸ்ட்4தான் இருக்கும். ஃபெடோரா வொர்க்ஸ்டேஷனில் 2020-ல் வந்த 33-ம் பதிப்பு முதல் பிடிஆர்எஃப்எஸ், இதுவும் சுருங்கும். ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7 முதல் அந்தக் குடும்பத்தில் எக்ஸ்எஃப்எஸ். இது பெரிதாகும், ஆனால் சுருக்குவதற்கு நம்பிப் பயன்படுத்தக்கூடிய வழி இல்லை. பேக்கப் எடுத்து, அழித்து, சிறியதாக மறுபடி உருவாக்க வேண்டியதுதான்.

ஜிபார்ட்டெட்டில் உங்கள் பார்ட்டிஷனுக்கு நேராக 'எல்விஎம்' என்றோ 'லக்ஸ்' என்றோ தெரிந்தால் இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு முயற்சி செய்ய வேண்டாம். அங்கே குடோனுக்குள் அறை, அறைக்குள் பெட்டி என்று பல அடுக்குகள் இருக்கும். உள்ளே இருப்பதில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சுருக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். விவரம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

முதலில் பேக்கப், பிறகு டிஸ்க்கின் உடல்நிலை

பேக்கப் எடுக்கச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். எடுப்பவர்கள் குறைவு. ஹோம் ஃபோல்டரை முழுவதுமாக ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். ஃபைல் மேனேஜரில் கண்ட்ரோல் + எச் அழுத்தினால் மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் தெரியும். தண்டர்பேர்டு மெயில்கள், ஃபயர்ஃபாக்ஸ் புக்மார்க்குகள் போன்றவை அவற்றில்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் காப்பி செய்தால் அவை விட்டுப்போகும். பென் டிரைவ் ஃபேட்32 வகையாக இருந்தால் 4 ஜிபியைத் தொடும் ஒற்றை ஃபைல் அதில் ஏறாது. கல்யாண வீடியோ வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்.

காப்பி முடிந்ததும் அந்த டிஸ்க்கை வேறு ஒரு கம்ப்யூட்டரில் செருகி நாலைந்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள். அண்ணனின் கணக்கு ஃபைல்களை அவருடைய தங்கையின் கம்ப்யூட்டரில் திறந்து, சென்ற மாத பாக்கித் தொகையை அவரே பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் அடுத்த வேலையைத் தொட்டேன்.

அடுத்தது டிஸ்க்கின் உடல்நிலை. பத்து வருடத்துக்கு மேல் ஓடிய ஹார்ட் டிஸ்க்கைச் சுருக்கும்போது, நீண்ட நாளாக யாரும் தொடாத இடங்களையும் படிக்க வேண்டி வரும். 'டிஸ்க்ஸ்' என்ற அப்ளிகேஷனைத் திறந்து, மெனுவில் 'ஸ்மார்ட் டேட்டா' என்பதைத் தேர்வு செய்யுங்கள். அதில் 'கரண்ட் பெண்டிங் செக்டார்' என்ற வரியைப் பாருங்கள். படிக்க முடியாமல் தடுமாறும் இடங்களின் எண்ணிக்கை அது. பூஜ்யம் என்றால் நல்லது. பூஜ்யத்துக்கு மேல் எந்த எண் இருந்தாலும் சுருக்கும் வேலையை விட்டுவிட்டு, பேக்கப்பைப் பத்திரப்படுத்திவிட்டு, புதிய எஸ்எஸ்டி வாங்குங்கள். 'ரீஅலொகேட்டட் செக்டார்' என்ற வரியில் உள்ள எண் நாளுக்கு நாள் ஏறினாலும் அதே ஆலோசனைதான். அண்ணனின் டிஸ்க்கில் இரண்டும் பூஜ்யம். எனக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது.

மூன்றாவது கரண்ட். பழைய லேப்டாப்களில் பேட்டரி பெயருக்குத்தான் இருக்கும். சார்ஜரைப் பிடுங்கினால் உடனே அணைந்துவிடும். ஃபைல் சிஸ்டம் சுருங்கிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், எந்த இடத்தில் நின்றது என்பதைப் பொறுத்து சேதம் சிறியதாகவும் இருக்கலாம், மொத்தமாகவும் போகலாம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த ஏரியாவில் என்று பேப்பரில் போடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள். நாங்கள் ஆபீஸ் இன்வெர்ட்டரில் லேப்டாப்பைச் செருகிவிட்டு, ஃபேனையும் லைட்டையும் அணைத்துவிட்டு உட்கார்ந்தோம்.

வேலையை ஆரம்பிப்போம்

ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் தன் பார்ட்டிஷனைத் தானே சுருக்க முடியாது. எக்ஸ்ட்4 ஓடும்போதே பெரிதாகும். சுருங்க வேண்டும் என்றால் அதை அன்மவுன்ட் செய்ய வேண்டும். எனவே லைவ் யூஎஸ்பியிலிருந்து கம்ப்யூட்டரை பூட் செய்யுங்கள். நீங்கள் புதிதாகப் போடப்போகும் லினக்ஸின் லைவ் யூஎஸ்பியே போதும். பழைய டிராயரில் கிடக்கும் ஏதோ ஒரு பழைய சிடியைத் தேடாதீர்கள். பழைய கருவிக்குப் புதிய எக்ஸ்ட்4-ன் வசதிகள் புரியாமல் போகலாம்.

லைவ் டெஸ்க்டாப் வந்ததும் ஜிபார்ட்டெட்டைத் திறங்கள். வலது மேல் மூலையில் எந்த டிஸ்க் என்று காட்டும். உங்கள் பென் டிரைவும் அந்தப் பட்டியலில் இருக்கும். அளவைப் பார்த்துச் சரியானதைத் தேர்வு செய்யுங்கள். 320 ஜிபி டிஸ்க் இங்கே 298 என்று தெரியும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர்கள் ஆயிரத்தால் பெருக்குகிறார்கள், ஜிபார்ட்டெட் 1024-ஆல் பெருக்குகிறது, அவ்வளவுதான்.

அண்ணனின் லேப்டாப்பில் விண்டோஸை எப்போதோ யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். இருந்தது இவ்வளவுதான்: எஸ்டிஏ1 என்ற பெரிய எக்ஸ்ட்4 பார்ட்டிஷன், சுமார் 294, கடைசியில் எஸ்டிஏ2 என்ற எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன், அதற்குள் எஸ்டிஏ5 என்ற 4 அளவுள்ள ஸ்வாப். டெபியன் குடும்பத்தில் பழைய லேப்டாப்களில் அடிக்கடி பார்க்கும் அமைப்பு இது.

பார்ட்டிஷன் பெயருக்குப் பக்கத்தில் சாவிப் படம் தெரிந்தால் அது பயன்பாட்டில் இருக்கிறது என்று அர்த்தம். ரைட் க்ளிக் செய்து 'அன்மவுன்ட்' கொடுங்கள். ஸ்வாப் என்றால் 'ஸ்வாப்ஆஃப்'. அடுத்து, எஸ்டிஏ1-ல் ரைட் க்ளிக் செய்து 'இன்ஃபர்மேஷன்' என்பதைத் திறந்தால் முதல் செக்டாரும் கடைசி செக்டாரும் தெரியும். மேலே சொன்ன பேப்பரில் எழுத வேண்டியவை இவைதான்.

இனி 'ரீசைஸ்/மூவ்'. ஒரு நீண்ட பட்டை தெரியும். மஞ்சள் பகுதி ஃபைல்கள் இருக்கும் அளவு. வெள்ளைப் பகுதி காலி. பட்டையின் வலது ஓரத்தை மட்டும் இடது பக்கம் இழுங்கள். இடது ஓரத்தைத் தொடவே வேண்டாம். வலது ஓரத்தைக் குறைத்தால், கடைசிப் பகுதியில் இருக்கும் ஃபைல்கள் மட்டும் முன்னால் நகரும். இடது ஓரத்தை நகர்த்தினால் பார்ட்டிஷனின் ஆரம்பமே மாறும். முழு ஃபைல் சிஸ்டத்தையும் தூக்கி வேறு இடத்தில் வைக்க வேண்டி வரும். மணிக்கணக்கில் ஓடும், முடிந்த பிறகு பூட் ஆகாமலும் போகலாம். 'ஃப்ரீ ஸ்பேஸ் ப்ரிசீடிங்' என்ற கட்டத்தில் உள்ள எண் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

எவ்வளவு சுருக்கலாம்? மஞ்சள் பகுதியை ஒட்டி வெட்டாதீர்கள். பழைய லினக்ஸும் தொடர்ந்து வளரப் போகிறது. அண்ணனுக்கு 120 நிறைந்திருந்தது. நான் 220 வைத்தேன். 'நியூ சைஸ்' கட்டத்தில் மெபிபைட் கணக்கில் கேட்கும், 220-ஐ 1024-ஆல் பெருக்கி 225280 என்று கொடுத்தேன். மிச்சம் சுமார் 74 புதிய லினக்ஸுக்கு. ஒரு லினக்ஸைப் போட்டுப் பார்க்க 30 போதும்; தினமும் பயன்படுத்துவதாக இருந்தால் இன்னும் தாராளமாகக் கொடுங்கள்.

இதுவரை எதுவும் மாறவில்லை. நீங்கள் சொன்ன வேலை கீழே ஒரு வரியாகக் காத்திருக்கும். பிடிக்கவில்லை என்றால் 'அன்டூ' செய்துவிடலாம். பச்சை டிக் போட்ட 'அப்ளை' பட்டனைக் க்ளிக் செய்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பம். விவரங்களைத் திறந்து பார்த்தால் ஃபைல் சிஸ்டத்தைச் சோதிப்பது, ஃபைல் சிஸ்டத்தைச் சுருக்குவது, பார்ட்டிஷனைச் சுருக்குவது என்ற வரிசையில் போவது தெரியும். குடோன் கதையில் சொன்ன அதே வரிசை. சோதனையில் பிழை வந்து நின்றுவிட்டால் அது நல்லதுக்குத்தான். இன்னும் எதுவும் நகரவில்லை. இடையில் பார் அசையாமல் நின்றாலும் 'கேன்சல்' கொடுக்காதீர்கள். ஹார்ட் டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் வரை வேலை நடக்கிறது என்று பொருள்.

முடிந்ததும் உடனே புதிய லினக்ஸை இன்ஸ்டால் செய்ய உட்காராதீர்கள். யூஎஸ்பியை எடுத்துவிட்டு, பழைய லினக்ஸை ஒரு முறை பூட் செய்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள். பழையது ஒழுங்காக இருக்கிறது என்று இந்த இடத்தில் தெரிந்துகொண்டால், பின்னால் ஏதாவது கோளாறு வந்தாலும் அது இன்ஸ்டாலேஷனில் வந்ததா, சுருக்கியதில் வந்ததா என்று குழம்ப வேண்டாம். அண்ணன் கணக்கைத் திறந்து, ஒரு பிரிண்ட் எடுத்துப் பார்த்துவிட்டு டீ சொல்லி அனுப்பினார்.

புதியதைப் போடும்போது

இன்ஸ்டாலர்கள் 'அலாங்சைட்' என்று ஒரு சுலப வழி காட்டும். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. எதை எவ்வளவு வெட்டுகிறது என்று நம் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லை. மின்ட்டில் 'சம்திங் எல்ஸ்' என்று இருப்பதைத் தேர்வு செய்து, காலி இடத்தை மட்டும் காட்டி, அதில் எக்ஸ்ட்4 உருவாக்கி, மவுன்ட் பாயின்டாக சாய்கோடு ஒன்றைக் கொடுங்கள். பழைய எஸ்டிஏ1-க்கு நேராக 'ஃபார்மேட்' கட்டத்தில் டிக் இல்லை என்பதை இரண்டு முறை பாருங்கள்.

பழைய எம்பிஆர் முறையில் பிரித்த டிஸ்க்கில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன்தான் வைக்க முடியும். எக்ஸ்டெண்டட்டும் அதில் ஒன்று. அண்ணனிடம் இரண்டுதான் செலவாகியிருந்ததால் புதியது எஸ்டிஏ3 ஆக உட்கார்ந்துகொண்டது. ஏற்கனவே நான்கும் தீர்ந்திருந்தால் காலி இடம் எக்ஸ்டெண்டட்டுக்குள் இருந்தால்தான் பயன்படும். புதிய கம்ப்யூட்டர்களில் இருக்கும் ஜிபிடி முறையில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே கவனிக்க வேண்டியது ஈஎஃப்ஐ பார்ட்டிஷன்: இரண்டு லினக்ஸும் அதைப் பகிர்ந்துகொள்ளலாம், ஆனால் ஃபார்மேட் மட்டும் செய்யக்கூடாது.

பலர் கவனிக்காமல் விடுவது ஸ்வாப். சில இன்ஸ்டாலர்கள், குறிப்பாக டெபியனுடையது, ஏற்கனவே உள்ள ஸ்வாப் பார்ட்டிஷனைத் தானாக எடுத்துக்கொண்டு மறுபடி ஃபார்மேட் செய்துவிடும். அப்போது அதன் யூயூஐடி என்ற அடையாள எண் மாறிவிடும். பழைய லினக்ஸ் தன்னுடைய எஃப்எஸ்டேப் ஃபைலில் பழைய எண்ணையே வைத்துக்கொண்டு தேடும். சிஸ்டம்டி பயன்படுத்தும் லினக்ஸில் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் 90 விநாடி காத்திருக்கும். "இன்ஸ்டால் செய்ததிலிருந்து கம்ப்யூட்டர் ஸ்லோ" என்று புலம்புபவர்கள் பலருக்கு இதுதான் காரணம். இன்ஸ்டாலரில் அந்த ஸ்வாப்பைத் தேர்வு செய்து, பயன்படுத்த வேண்டாம் என்று கொடுத்துவிடுங்கள். உபுண்டு குடும்பம் ஒரு ஸ்வாப் ஃபைலைத் தானாக உருவாக்கிக்கொள்ளும். ஒரு லினக்ஸை ஹைபர்னேட் செய்துவிட்டு இன்னொன்றைத் திறக்கும் பழக்கமும் வேண்டாம்.

ஹோம் ஃபோல்டரை இரண்டுக்கும் பொதுவாக வைக்கலாமே என்று தோன்றும். வைக்காதீர்கள். ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு பதிப்புகளின் செட்டிங்ஸ் ஒன்றின் மேல் ஒன்று எழுதிக்கொள்ளும். புதிய ஃபயர்ஃபாக்ஸ் தொட்ட ப்ரொஃபைலைப் பழைய ஃபயர்ஃபாக்ஸ் திறக்க மறுக்கும். பழைய பார்ட்டிஷனில் இருக்கும் கணக்கு ஃபைல்களைப் புதியதிலிருந்து ஃபைல் மேனேஜர் வழியாகவே திறந்துகொள்ளலாம்.

பூட் மெனுவைக் கவனிப்பது க்ரப் என்ற சாஃப்ட்வேர். இன்ஸ்டால் செய்யும்போது புதிய லினக்ஸின் க்ரப்பையே டிஸ்க்கில் எழுத விடுங்கள். எக்ஸ்ட்4 கருவிகளின் 1.47 பதிப்பு (2023) முதல் புதிய வசதிகள் இயல்பாகவே சேர்க்கப்படுகின்றன; அப்படி உருவாக்கிய பார்ட்டிஷனைப் பழைய க்ரப்பால் படிக்க முடியாமல் போகலாம். புதிய க்ரப் பழையதைப் படித்துக்கொள்ளும்.

இன்ஸ்டால் முடிந்து பூட் செய்தால் மெனுவில் புதிய லினக்ஸ் மட்டும் தெரிந்து, பழையதைக் காணவில்லை என்று நெஞ்சு திக்கென்று ஆகலாம். பழையது எங்கும் போகவில்லை. க்ரப் 2.06 பதிப்பு (2021) முதல், வேறு லினக்ஸ் இருக்கிறதா என்று தேடும் ஓஎஸ்-ப்ரோபர் வசதி பாதுகாப்புக் காரணத்துக்காக அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. இடிசி ஃபோல்டருக்குள் டிஃபால்ட் ஃபோல்டரில் க்ரப் என்ற ஃபைல் இருக்கும். அதில் ஓஎஸ்-ப்ரோபரை முடக்கும் வரியைத் தேடி, அதன் முன்னால் # குறி இருந்தால் அதை எடுத்துவிட்டு, மதிப்பை 'ஃபால்ஸ்' என்று மாற்றுங்கள். வரியே இல்லை என்றால் சேர்க்க வேண்டும். பிறகு டெர்மினலில் 'சூடோ அப்டேட்-க்ரப்' கட்டளை கொடுத்தால் பழைய லினக்ஸ் மெனுவுக்கு வந்துவிடும்.

இதே கட்டளையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய லினக்ஸில் எப்போதாவது புதிய கர்னல் அப்டேட் ஆனால், அது புதிய லினக்ஸின் க்ரப்புக்குத் தெரியாது. புதியதற்குள் வந்து அந்தக் கட்டளையை ஒரு முறை கொடுக்க வேண்டும்.